மெகர் அக்காவின் சிவப்புக் குறிகள்

நன்றாகப் பார்க்கத் தெரிந்த ஒரு பெண்ணுக்குக் கண் சரியில்லை என்று நான் சொன்னேன். பிறகு அவர் பார்த்ததை எடுத்து என்னுடையதாக்கிக்கொண்டேன்.

இரண்டையும் செய்தவள் நானேதான். யாரும் தூண்டவில்லை, யாரும் மிரட்டவில்லை. முதலாவதைக் கோபத்தில் செய்தேன் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். இரண்டாவதை? அதை நிதானமாக, பட்டப்பகலில், தேநீர் குடித்துக்கொண்டே செய்தேன்...

நீங்கள் என்னை அறியமாட்டீர்கள். அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன். தெரிந்தவர்களிடம் சொன்னால், "விடு, இதெல்லாம் ஒரு தப்பா" என்பார்கள். அந்த ஆறுதல் எனக்கு வேண்டாம்.

நான் இயற்பியல் படித்தவள். துகள் முடுக்கி என்று ஒன்று உண்டு. நீண்ட குழாயிலிருந்து காற்றையெல்லாம் உறிஞ்சி எடுத்துவிட்டு, கண்ணுக்குத் தெரியாத துகள்களை அதற்குள் கூட்டமாக ஓட விடுவார்கள். வழிநெடுக உந்தி உந்தி வேகத்தை ஏற்றுவார்கள். கூட்டம் கட்டுக்கோப்பாகக் குழாயின் நடுவில் போக வேண்டும். ஓரத்துத் துகள்கள் சில வழிதவறிச் சுவரில் மோதினாலும் வினைதான். சுவர் சூடேறும். கதிர்வீச்சு ஏறிவிட்டால் பழுதுபார்க்கக்கூட மனிதர் கிட்டே போக முடியாது. ஆகவே அப்படி ஒன்றைக் கட்டுவதற்கு முன்னால் கணினிக்குள்ளேயே பலமுறை ஓட்டிப் பார்ப்பார்கள். அதுதான் சிமுலேஷன்.

ஓர் ஓட்டத்தில் லட்சக்கணக்கான துகள்கள். குழாயின் ஒவ்வோர் இடத்திலும் அவை எப்படித் திரண்டு நிற்கின்றன என்பதற்கு ஒவ்வொரு படம். ஓட்டம் கூடக் கூடப் படங்கள் மலையாகக் குவியும். யார் உட்கார்ந்து பார்ப்பது? மனிதருக்குப் பதிலாகப் பார்க்கும் ஒரு நிரலை எழுதுவதுதான் என் வேலை. படத்தைக் கொடுத்தால் நல்லது இது, கெட்டது இது என்று அதுவே பிரித்துவிட வேண்டும்.

ஆனால் நிரலுக்குப் பிறவியில் கண் கிடையாது. முதலில் மனிதர்கள் சில ஆயிரம் படங்களைப் பார்த்துக் குறி போட்டுத் தர வேண்டும். அந்தக் குறிகளைப் பார்த்துத்தான் அது பழகும். அம்மாவுக்கு மூட்டு அறுவை சிகிச்சை நடந்ததால் நான் ஆய்வுக்கூடத்தில் சொல்லிவிட்டுத் திருப்பூருக்கு வந்திருந்தேன். வீரபாண்டியில் எங்கள் வீடு. இரண்டு தெரு தள்ளி மாமாவின் பனியன் கம்பெனி.

அப்போது ஆர்டர் மந்தம். செக்கிங் பெண்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து கதை பேசிக்கொண்டிருந்தார்கள். மாமாவுக்கு அதுதான் பெரிய கவலை.

"ஆளு போனாப் போனதுதான் அம்மிணி. நாளைக்கே ஆர்டர் வந்தாலும் கண்ணு தெரிஞ்ச செக்கருக்கு நா எங்க போறது?" என்றார்.

எனக்குப் பொறி தட்டியது. நாள் முழுவதும் துணியில் பழுது தேடியே வாழ்ந்தவர்கள் இவர்கள். என் படங்களில் பழுது தேட இவர்களைவிடப் பொருத்தமானவர்கள் உலகில் உண்டா? என் வழிகாட்டிப் பேராசிரியரும் சம்மதித்தார். மாமா சிரித்தார்.

"நம்ம ஆளுகளுக்கு அணு விஞ்ஞானம் சொல்லித் தரப் போறயா?"

"சொல்லித் தர்றதுக்கு என்னங்க மாமா இருக்குது? ஓட்டை ஓட்டைதானுங்களே" என்றேன்.

என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்ட நாள் அது. இப்போது நினைத்தால் நாக்கு கசக்கிறது.

கம்பெனியின் மாடியறையில் ஆறு கணினிகள் போட்டேன். ஆறு பெண்கள் வந்தார்கள். திரையில் முட்டை வடிவத்தில் புள்ளிகளின் கூட்டம் தெரியும். ஓரம் கச்சிதமாக இருந்தால் பச்சைப் பொத்தான். முட்டையைச் சுற்றிப் பிசிறு பிசிறாகப் புள்ளிகள் சிதறியிருந்தால் சிவப்பு. அரைமணி நேரத்தில் பிடித்துக்கொண்டார்கள்.

"பிசிறு இருந்தா மிஸ்டேக்கு, இல்லைன்னா குட் பீஸு. அவ்வளவுதானுங்களே அம்மிணி?" என்றார் ஒருவர். அவ்வளவேதான் என்று நானும் தலையாட்டினேன்.

அந்த ஆறு பேரில் ஒருவர் மெகருன்னிசா. எல்லோருக்கும் மெகர் அக்கா. நாற்பத்தைந்து வயதிருக்கும். பதினெட்டு வருடமாகச் செக்கிங். ஒரு டி-சர்ட்டை மேசையில் விரித்தால் முன்பக்கம், பின்பக்கம், உள்பக்கம், கழுத்து என்று அவர் கை ஓடும். கை ஓடும் வேகத்துக்குக் கண்ணும் ஓடும். பழுது இருந்த இடத்தில் அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டப்பட்டிருக்கும். எப்போது ஒட்டினார் என்றே தெரியாது. வெளிநாட்டு ஆர்டருக்காகச் சரக்கைச் சோதிக்க வரும் ஆள்கூட, "இது மெகர் பாத்ததுங்களா?" என்று கேட்டுவிட்டு இரண்டு பீஸை மட்டும் புரட்டிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுவாராம். ஏரியா முழுக்க அந்தப் பெயர் இருந்தது. அதைத் தவிர அவருக்கு வேறு பெரிய சொத்து இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

படங்களை நான் வேண்டுமென்றே கலைத்துப் போட்டிருந்தேன். இது எங்கள் துறையில் பாலபாடம். வரிசையாகக் காட்டினால் முந்தைய படத்தின் நினைவில் அடுத்ததைப் பார்ப்பார்கள். ஒவ்வொரு படத்தையும் அதற்காகவே பார்க்க வேண்டும் என்றால் சீட்டுக்கட்டுப் போலக் கலைத்துவிட வேண்டும். ஆறு பேருக்கும் அதே படங்கள். பெரும்பான்மை எது சொல்கிறதோ அதுவே சரியான குறி.

நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ கணக்கைப் பார்த்தேன். ஐந்து பேர் ஏறத்தாழ ஒரே மாதிரி குறி போட்டிருந்தார்கள். ஒருவர் மட்டும் தனி வழி. கச்சிதமான, அழகான, அப்பழுக்கில்லாத முட்டைகளுக்கெல்லாம் சிவப்பு! ஒன்றிரண்டு அல்ல, சரம் சரமாக!

மெகர் அக்காவின் பின்னால் போய் நின்றேன். மேசையில் ஓர் அட்டை. டி-சர்ட்டை மடித்துப் பையில் போடும்போது உள்ளே வைப்பார்களே, அந்த அட்டை. அதில் பேனாவால் எண்களை அடுக்கி எழுதியிருந்தார். திரையில் ஏற்கெனவே பச்சை போட்ட ஒரு படத்துக்குத் திரும்பிப் போய் அதைச் சிவப்பாக மாற்றிக்கொண்டிருந்தார்.

"என்னங்கக்கா பண்றீங்க?"

"நெம்பரப் பாத்து அடுக்கறனுங்க அம்மிணி."

படத்தின் மூலையில் எறும்பளவுக்கு ஓர் எண் உண்டு. எந்த ஓட்டம், குழாயில் எந்த இடம் என்று என் வசதிக்காகப் போட்டுக்கொண்டது. அதை யாரும் படிப்பார்கள் என்று நான் நினைக்கவே இல்லை. ஆனால் பனியன் கம்பெனியில் எண் இல்லாத துண்டே கிடையாது. ஒரு துணி ரோலில் வெட்டிய சட்டையின் உடம்பும் அதே ரோலில் வெட்டிய கையும் ஒன்றுசேர வேண்டும் என்பதற்காக ஒவ்வொரு துண்டிலும் எண் ஒட்டுவார்கள். பதினெட்டு வருடம் எண் பார்த்த கண், மூலையில் எண்ணைக் கண்டதும் சும்மா இருக்குமா?

"கலச்சுப் போட்டத அடுக்கக் கூடாதுங்கக்கா. ஒவ்வொண்ணையும் தனித்தனியாத்தான் பாக்கோணும்" என்றேன்.

"அதெப்படீங்க? பிசிறு தெரியற எடத்துலயா ஊசி ஒடஞ்சிருக்கும்? துணி பின்னற மெசின்ல ஊசி ஒடஞ்சா மொதல்ல ஒண்ணுமே தெரியாதுங்க. கோடு மெல்ல மெல்லத்தான் வரும். ஒரு பீஸுல கோட்டப் பாத்தமுன்னா, அதே ரோலுல அதுக்கு முன்னால வெட்டுன பீஸையும் எடுத்துப் பாப்பமுங்க. கோடு எங்க ஆரம்பிக்குதுன்னு தெரியோணுமில்லீங்க?" அவர் திரையில் ஓர் இடத்தைத் தொட்டார். "இங்க பாருங்க, இந்த ஓரம் லேசா இளகியிருக்குது. அடுத்ததுல இன்னுங் கொஞ்சம். அதுக்கடுத்துத்தான் பிசிறு."

நான் பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. முட்டை முட்டையாகத்தான் இருந்தது.

"அது உங்க கற்பனைங்கக்கா" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளும் ஆசையோடுதான் கேட்டார். இன்றைக்கும் அந்த முகம் எனக்கு நினைவிருக்கிறது.

"வரிசையா வர்றத ஏனுங்க அம்மிணி கலச்சுப் போட்டீங்க? ஆராச்சும் ரோலக் கலச்சுப் போட்டுட்டு மிஸ்டேக்குத் தேடுவாங்களா?"

மற்ற ஐந்து பேரும் கொல்லென்று சிரித்தார்கள். "அதானே!" என்று ஒரு குரல் வேறு.

எனக்கு முகம் சிவந்துவிட்டது. பத்து வருடம் படித்தவள் நான்! ஊரிலிருந்து துகள் முடுக்கியைப் பற்றி ஆராயப் போன முதல் பெண் என்று கோயில் திருவிழாவில் மாலை போட்டார்களே, அந்த நான்! எட்டாம் வகுப்பைத் தாண்டாத ஒருவர் ஐந்து பேர் முன்னால் என் முறையையே கேள்வி கேட்டால்?... அந்த அட்டையை வாங்கிக் குப்பைக் கூடையில் போட்டேன். நாளை முதல் நீங்கள் மேலே வர வேண்டாம், கீழே மேசையிலேயே இருந்துகொள்ளுங்கள் என்றேன்.

இதுவரை நடந்ததை நீங்கள் மன்னிக்கக்கூடும். விதியை மீறி அடுக்கியவரை நீக்கியது ஆராய்ச்சி முறைப்படி சரிதான் என்று எனக்காக வாதாடவும் கூடும். இருங்கள். இன்னும் இருக்கிறது.

மறுநாள் சாயங்காலம் டீ குடிக்கும்போது மாமா கேட்டார்.

"ஏன் அம்மிணி, மெகர் மட்டும் கீழ உக்காந்திருக்குது?"

என்ன சொல்லியிருக்க வேண்டும்? 'அவங்க அடுக்கிப் பாத்தாங்க, எனக்குக் கலைச்சுத்தான் வேணும்.' ஒரே வரி. அதைச் சொன்னால் மாமா ஏன் என்று கேட்பார். நான் விளக்க வேண்டும். விளக்கினால் அவரும் சிரிப்பாரோ?... மாடியில் ஐவரும் சிரித்த சிரிப்பு என் காதில் இன்னும் ஓயவில்லை.

"அவங்களுக்குக் கண்ணு செரியில்லீங்க மாமா" என்றேன். "இல்லாத மிஸ்டேக்கெல்லாம் தெரியுதாமா."

மாமாவின் கையில் டம்ளர் அப்படியே நின்றது. "நெசமாவா?"

"அஞ்சு பேரு ஒரு மாதிரி பாக்கறாங்க. அவங்க மட்டும் வேற மாதிரி. கம்ப்யூட்டரே கணக்குப் போட்டுச் சொல்லுதுங்க."

பொய்! கம்ப்யூட்டர் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. இவர் மற்ற ஐவரோடு ஒத்துப்போகவில்லை, அது சொன்னது அவ்வளவுதான். ஒத்துப்போகாததற்குக் குருடு என்று அர்த்தம் சொன்னவள் நான்.

மாமா கெட்ட மனிதர் இல்லை. ஆனால் தொழில் என்று வந்துவிட்டால் தொழில்தான். புது ஆர்டர் ஒன்று கைகூடி வந்துகொண்டிருந்த சமயம் அது. "கண்ணு போன ஆள உக்கார வெச்சுட்டு நாளைக்குக் கண்டெய்னரே திரும்பி வந்துச்சுன்னா நா எங்க போயி நிக்கறது?" என்றார். அந்த வாரமே மெகர் அக்காவைச் செக்கிங் மேசையிலிருந்து எடுத்துப் பிசிறு வெட்டும் இடத்தில் போட்டார்கள். தைத்து வந்த சட்டையில் தொங்கும் நூல் முனைகளைக் கத்தரிக்கும் வேலை. புதிதாகச் சேரும் பெண்களை முதலில் உட்காரவைக்கும் இடம். அங்கேயும் யாரோ ஒருத்தி அவர் காதுபடவே, "அக்காவுக்குக் கண்ணு போயிருச்சாமா" என்று சொல்லியிருக்கிறாள்.

மெகர் அக்கா சும்மா இருந்துவிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடத்தில் நடந்த இலவசக் கண் முகாமுக்குப் போய்ச் சோதித்துக்கொண்டு வந்தார். திங்கட்கிழமை காலையில் அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறி என்னிடம் வந்தார். மாமாவிடம் போகவில்லை, என்னிடம் வந்தார்! சொன்னவள் நான்தான் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

"அம்மிணி, கண்ணு நல்லாருக்குதுன்னுதான் எழுதிக் குடுத்திருக்கறாங்க. நீங்க ஒரு வார்த்த மாமாகிட்டச் சொன்னீங்கன்னா..."

சீட்டை வாங்கிப் பார்த்தேன். இரண்டு கண்ணுக்கும் குறையில்லை என்று தெளிவாக எழுதியிருந்தது. வாயைத் திறந்தேன். பின்னால் ஐந்து பேரும் பொத்தானை அழுத்துவதை நிறுத்திவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இது தூரத்து எழுத்தப் படிக்கற டெஸ்டுங்கக்கா. நா சொன்னது வேற. இது மெசின் கண்டுபிடிச்சது" என்றேன்.

அவர் சீட்டை நான்காக மடித்தார். "மெசின் சொன்னாச் செரியாத்தானுங்க இருக்கும்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அந்த வார்த்தையில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்...

அம்மா நடக்கத் தொடங்கியதும் நான் ஆய்வுக்கூடத்துக்குத் திரும்பினேன். ஐந்து பேர் போட்ட குறிகளை வைத்து நிரலைப் பழக்கினேன். அழகாக வேலை செய்தது. பேராசிரியர் தோளைத் தட்டினார். மெகர் அக்காவின் குறிகள் ஒரு மூலைக் கோப்பில் கிடந்தன. அழிக்கவில்லை. எங்கள் துறையில் எதையும் அழிக்க மாட்டோம், ஒதுக்கித்தான் வைப்போம்.

அடுத்த வருடம் வேறொரு குழு அதே முடுக்கியின் வடிவமைப்பை இன்னும் பெரிய கணினியில், இன்னும் நுணுக்கமாக ஓட்டிப் பார்த்தது. குழாயின் ஒரு வளைவில் துகள்கள் சுவரில் மோதின. கொஞ்சநஞ்சமல்ல. பேராசிரியர் என்னை அழைத்தார். உன் நிரல் இதை ஏன் முன்கூட்டியே சொல்லவில்லை? அந்த வளைவுக்கு முந்தைய படங்கள் எல்லாவற்றையும் அது நல்லவை என்று தள்ளிவிட்டிருக்கிறதே?

நான் என் இருக்கைக்கு வந்தேன். பகல் பதினொரு மணி. சன்னலுக்கு வெளியே வெயில் அடித்துக்கொண்டிருந்தது. எதற்கென்று தெரியாமலே அந்த மூலைக் கோப்பைத் திறந்தேன். அதே வளைவு வரும் என் பழைய ஓட்டத்தின் எண்ணைத் தேடி எடுத்துப் படங்களை வரிசைப்படி அடுக்கினேன். ஆமாம், அடுக்கினேன்.

மோதல் நடந்த இடத்துக்கு வெகு முன்னாலிருந்தே மெகர் அக்காவின் சிவப்புக் குறிகள் தொடங்கியிருந்தன. ஒன்று, அடுத்தது, அதற்கடுத்தது என்று இடைவிடாமல் நீண்டு, பிசிறு கண்ணுக்குத் தெரியும் இடம்வரை போயின. முதல் சிவப்புப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஓரம் லேசாக இளகியிருந்தது. அவர் சொன்ன அதே சொல்! என் துறையில் அதற்கு நீளமான பெயர் இருக்கிறது. ஆனால் இளகுவது என்பதைவிடச் சரியான சொல் இல்லை.

அழுதேன் என்றுகூடச் சொல்வேன்... ஆனால் நீங்கள் நம்பாதீர்கள். ஏனென்றால் கண்ணைத் துடைத்த கையோடு நான் செய்தது என்ன தெரியுமா?

கான்டீனிலிருந்து ஒரு தேநீர் வாங்கி வந்து வைத்துக்கொண்டேன். ஐவரின் குறிகளை நீக்கினேன். அவருடைய குறிகளை மட்டும் வைத்து, படங்களை வரிசையாகக் கொடுத்து, நிரலை மறுபடி பழக்கினேன். இரண்டு வாரத்தில் அது மோதலை வெகு முன்னாலேயே எச்சரிக்கத் தொடங்கிவிட்டது. பேராசிரியரிடம், படங்களைத் தனித்தனியாகப் பார்க்காமல் தொடராகப் பார்க்கலாம் என்று எனக்கு ஒரு யோசனை தோன்றியது என்று சொன்னேன்.

எனக்குத் தோன்றியது!

கட்டுரை வெளியானது. மனிதக் கண்ணுக்குத் தென்படாத முன்னறிகுறியை நிரல் தானாகவே கண்டறிந்தது என்று அதில் எழுதினேன். மனிதக் கண்ணுக்குத் தென்படாத! அந்தச் சொற்களைத் தட்டச்சு செய்யும்போது என் விரல் ஒரு கணம் நின்றது. பிறகு தொடர்ந்தது. கடைசிப் பக்கத்தில், குறியிட உதவிய பணியாளர்களுக்கு நன்றி என்று ஒரு வரி. பெயர்கள் இல்லை. ஒருவர் பெயரைப் போட்டால் எல்லோர் பெயரையும் போட வேண்டும் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன்.

அதைவிடக் கேவலமான ஒன்று இருக்கிறது. கருத்தரங்கில் ஒரு முதியவர் எழுந்து, இந்தத் தொடர் யோசனை உங்களுக்கு எப்படி வந்தது என்று கேட்டார். அரங்கம் முழுக்க என்னைப் பார்த்தது. இதோ வந்துவிட்டது வாய்ப்பு, சொல்லிவிடு, சொல்லிவிடு என்று உள்ளே ஒரு குரல்... நான் புன்னகைத்தேன். எங்கள் ஊர் பனியன் ஊர், அங்கே துணியில் ஒரு கோடு தெரிந்தால் அதே ரோலில் முன்னால் வெட்டியதையும் எடுத்துப் பார்ப்பார்கள், சிறுவயதிலிருந்து அதைப் பார்த்து வளர்ந்தவள் நான் என்றேன். கைதட்டினார்கள். தேநீர் இடைவேளையில் பலர் வந்து அந்தக் கதையைத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டார்கள்.

கவனித்தீர்களா? ஊருக்குப் பெருமை தந்தேன். ஒரு பெண்ணுக்குத் தர வேண்டியதை ஓர் ஊருக்கே பங்கு வைத்துவிட்டேன். ஊர் என்னைக் கேள்வி கேட்காது பாருங்கள்! அந்தப் பழக்கத்தை நான் சிறுவயதில் பார்த்ததே இல்லை என்பது வேறு விஷயம்.

சென்ற தை மாதம் ஒரு கல்யாணத்துக்காக ஊருக்குப் போனேன். இந்தமுறை சொல்லியே தீருவது என்று முடிவு செய்திருந்தேன். கட்டுரையை அச்செடுத்துப் பையில் வைத்திருந்தேன். மெகர் அக்கா மாமாவின் கம்பெனியில் இல்லை. அங்கிருந்து விலகி இரண்டு இடத்தில் செக்கிங் வேலை கேட்டாராம். "கண்ணுக் கோளாறுன்னு பேச்சாயிருச்சு அம்மிணி, ஒருத்தரும் மேசையில உக்கார வெக்க மாட்டீங்கறாங்க" என்று மாமா சொன்னார். சொல்லிவிட்டு, "பாவம், நல்ல பொம்பள" என்றார்.

பின்தெருவில் ஒரு சின்ன யூனிட். தகரக் கூரைக்குக் கீழே நாலைந்து பெண்கள் தரையில் உட்கார்ந்து பிசிறு வெட்டிக்கொண்டிருந்தார்கள். மெகர் அக்கா என்னைக் கண்டதும் முகம் மலர்ந்து எழுந்தார்.

"அம்மிணி! வாங்க வாங்க. அம்மா எப்படியிருக்கறாங்க? முட்டி வலி போயிருச்சுங்களா?"

மூக்கில் கண்ணாடி போட்டிருந்தார். தடித்த கண்ணாடி.

"கண்ணாடி எப்பங்கக்கா போட்டீங்க?"

"கடையில வாங்கிப் போட்டுட்டனுங்க. டாக்டரு வேண்டாமுன்னுதான் சொன்னாரு. ஆனா அத்தன பேரும் சொல்றாங்க, மெசினும் சொல்லுச்சு. அப்பறம் எப்படீங்க நா மட்டும் நல்லாருக்குதுன்னு சொல்றது? போட்டா ஒரே மங்கலாத்தான் தெரியுது. பழகிட்டாச் செரியாயிருமாமா." சிரித்தார். பிறகு ஆவலோடு கேட்டார். "உங்க மெசினு இப்ப நல்லாப் பாக்குதுங்களா அம்மிணி?"

"நல்லாப் பாக்குதுங்கக்கா."

"அல்லா காப்பாத்துவான். எத்தன பாடுபட்டீங்க அதுக்கு!"

என் பையில் கட்டுரை இருந்தது. கை பைக்குள் போனது. இப்போது சொல்லலாம்... இந்தப் பேச்சு முடிந்ததும் சொல்லலாம்... பக்கத்துப் பெண்கள் டீ குடிக்க எழுந்ததும் சொல்லலாம்...

அதற்குள் அவர் மடியிலிருந்த சட்டையை விரித்து, கண்ணாடியை நெற்றிக்கு மேல் ஏற்றிவிட்டு, வெறுங்கண்ணால் ஒரு முறை பார்த்தார். சட்டையை வெளிச்சத்துக்குத் திருப்பி மறுபடி பார்த்தார். என்னிடம் நீட்டினார்.

"கோவிச்சுக்காம ஒண்ணு பாத்துச் சொல்லுங்க. இந்தக் கையும் ஒடம்பும் ஒரே கலருங்களா? எனக்குக் கை கொஞ்சம் வெளுத்தாப்புல தெரியுது. பக்கத்துல இருக்கற புள்ள ஒண்ணுதாங்கறா."

வாங்கிப் பார்த்தேன். என் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் என் கண்ணுக்கு என்ன மதிப்பு? அவருக்கு வெளுத்துத் தெரிந்தால் அது வெளுத்துத்தான் இருக்கும். இந்த உலகத்தில் அது நிச்சயமாகத் தெரிந்த ஒரே ஆள் நான்! 'உங்களுக்கு எப்படித் தெரியுதோ அதுதானுங்க செரி.' இவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னால் அவர் நிமிர்ந்து பார்த்து, ஏனுங்க அப்படிச் சொல்றீங்க என்று கேட்பார். பிறகு எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். அந்த நாலைந்து பெண்களும் கேட்டுக்கொண்டிருப்பார்கள்...

"ஒரே கலர்தானுங்கக்கா" என்றேன்.

"அப்பறமென்ன, எங் கண்ணுதானுங்க" என்று சொல்லிக் கண்ணாடியை இறக்கிக்கொண்டார். சட்டையை மடித்து நல்ல பீஸ்களின் அடுக்கில் வைத்தார்.

எனக்கு டீ வரவழைத்துக் கொடுத்தார். குடித்துவிட்டுத்தான் வந்தேன்.